விருதுக்குப் பின் வாசிக்கப்படும் நூல்கள்

சர்வதேச புக்கர் பரிசு 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலான ‘ரேத் சமாதி’க்கும், 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் அடங்கிய ‘ஹார்ட் லேம்ப்’ தொகுப்புக்கும், ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகக் கிடைத்தது. அதன்பின் இலக்கியத் துறைகளில் இவ்விரு நூல்களையும் வாசிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வோர் அரிது. வாசித்து முடித்தவர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. ‘எதிர்ப்பு’, ‘எல்லை’, ‘விளிம்பின் குரல்’ என்னும் சொற்களைக் கொண்டு கருத்தரங்கக் கட்டுரை ஒன்றை எழுதிவிடலாம். எந்தப் பக்கத்தில் சலிப்புத் தட்டியது, எந்தக் கதை ஒட்டவில்லை என்பதை மட்டும் எழுத இடமில்லை.

‘ஹார்ட் லேம்ப்’ தொகுப்பில் 12 கதைகள். 1990 முதல் 2023 வரை எழுதப்பட்டவை. கன்னட வாசகர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிது சிறிதாகச் சந்தித்தவற்றை ஆங்கில வாசகர் இரண்டு மாலைகளில் படித்துவிடுகிறார். கைவிடும் கணவன், நோயுற்ற குழந்தை, கைகழுவும் பெரியவர்கள் எனச் சில கதைகளுக்குள்ளேயே அடுத்து வரப்போவதை ஊகிக்க முடிகிறது. இக்குறையில் கதைகளின் பங்கு எவ்வளவு, அவற்றை அடுக்கிய முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். கடவுளை நோக்கிய நேரடி முறையீடாக அமைந்த இறுதிக் கதையின் சினம் முற்றிலும் நியாயமானது. ஆனால் கதையாக அது வாசகரிடம் விட்டுச்செல்வது சொற்பமே.

நூலின் உண்மையான வலிமை அதன் நகைச்சுவையில் இருக்கிறது. ‘சிவப்பு லுங்கி’ கதையில் கோடை விடுமுறையில் வீடு நிறைந்த பிள்ளைகளின் கூச்சலைத் தாங்கமாட்டாத ரஸியா, ஒரே ஏற்பாட்டில் பையன்களுக்குச் சுன்னத் செய்துவிட முடிவெடுக்கிறாள். வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு மருத்துவரும் மருந்தும். ஏழைப் பையன்களுக்குப் பழைய முறையும் சாம்பலும். யாருடைய புண் ஆறுகிறது, யாருடையது சீழ் பிடிக்கிறது என்பதில் கதை வர்க்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுவதை ஒரு கட்டுரை பத்துப் பக்கங்களிலும் சொல்லிவிட முடியாது. கோபி மஞ்சூரியன்மீது தீராப் பித்துக்கொண்ட அரபி ஆசிரியரின் கதையும் அப்படியே: சிரிக்கவைத்து அழைத்துச் சென்று, மனைவிமீதான வன்முறையின் முன் நிறுத்துகிறது. இவற்றை ‘முஸ்லிம் பெண்களின் துயரக் கதைகள்’ என்று தொகுத்துரைப்போர் இலக்கியத்தைக் கள ஆய்வு அறிக்கையாக்குகின்றனர். பானு முஷ்தாக் வழக்கறிஞர் என்பதும், கன்னடத்தின் பண்டாய இயக்கத்தில் வளர்ந்தவர் என்பதும் அத்தகையோருக்கு வசதியாகிவிடுகின்றன.

தீபா பாஸ்தி தமது மொழிபெயர்ப்பில் கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்திலும் இடவில்லை, அடிக்குறிப்பும் தரவில்லை. தென்னிந்திய வாசகருக்கு இது தடையன்று. உறவுமுறைச் சொற்களும் அடுக்குத்தொடர்களும் பழகிய வீட்டுக்குள் நுழையும் உணர்வைத் தருகின்றன.

‘ரேத் சமாதி’ இன்னும் கடினமான வழக்கு. கணவரை இழந்த 80 வயதுத் தாய் வீட்டாருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறாள். எழமாட்டேன் என்னும் அவளது ‘நஹீ’, ஒலி தேய்ந்து ‘நயீ’ ஆகிப் புதியவளாகவே எழுவேன் என்று திரும்புகிறது. இந்தியில் இது ஓர் இமைப்பொழுது. டெய்ஸி ராக்வெல்லின் ஆங்கிலம் இதற்காகப் பெரிதும் உழைக்கிறது. அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எழுநூறு பக்கங்களைக் கடக்கும் ஆங்கில நூலின் முதற்பகுதியில் சொல் விளையாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிய, வாசகர் களைத்துப்போவதில் வியப்பில்லை. திருநங்கை ரோஸி முன்னுக்கு வந்தபின்தான் நாவல் நிமிர்கிறது. தாய் எல்லையைக் கடந்து தன் முதற்கணவனைத் தேடும் இறுதிப்பகுதி, அந்த நீண்ட படுக்கைக்கே பின்னோக்கிப் பொருள் தருகிறது. வாகா எல்லையில் மண்ட்டோ, இன்திஸார் ஹுஸைன் முதலிய பிரிவினை எழுத்தாளர்கள் தோன்றும் காட்சி, அவர்களைப் படித்தவருக்கு விருந்து. ஏனையோர் வாசலில் நிற்கவேண்டியதுதான்.

இங்கு விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. புக்கர் பட்டம் இல்லாத இக்குறுநாவல் ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கிலத்தில் நூற்றுச்சொச்சம் பக்கங்களே. சித்தப்பாவின் மசாலா வியாபாரத்தால் செல்வம் சேர்ந்த வீட்டின் வாசலுக்கு, அவரைத் தேடிப் பருப்புக் குழம்புடன் ஒரு பெண் வருகிறாள். அவளை அவமதித்து விரட்டுபவர்கள் அவ்வீட்டுப் பெண்களே. கதைசொல்லி எதுவும் செய்யாமல் நிற்கிறான். ஆசிரியரும் அவனைக் கண்டிப்பதில்லை, வாசகர்தான் கூசிப்போகிறார்.

‘ஹார்ட் லேம்ப்’பை இனிமேல் எடுப்போர் நாளொன்றுக்கு ஒரு கதை என்று படிக்கலாம். ‘ரேத் சமாதி’யின் தொடக்கத்தில் தளர்ந்தவர்கள் கொஞ்சம் இந்தி தெரிந்த நண்பர் ஒருவரிடம் முதல் அத்தியாயங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதன்பிறகும் பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்றே ஆய்வேட்டில் எழுதலாம்.