ஐபிஓ-வில் 'ரிஸ்க்' பக்கத்தை ஸ்க்ரோல் பண்ணித் தாண்டுறீங்களா? பேடிஎம் கதையைக் கொஞ்சம் பாருங்க!

புது ஐபிஓ வந்தால் நம்மில் பலர் முதலில் பார்ப்பது ஜிஎம்பி எவ்வளவு என்பதைத்தான். அடுத்து யுபிஐ மேன்டேட்டுக்கு ஓகே. அவ்வளவுதான், அப்ளை பண்ணியாச்சு! அந்த நிறுவனம் செபியிடம் தாக்கல் செய்த, பல நூறு பக்க ப்ராஸ்பெக்டஸை யார் திறக்கிறார்கள்? திறந்தாலும் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதி வந்ததும் விரல் தானாக வேகமெடுக்கும்.

ஒருவகையில் அதுவும் நியாயம்தான். 'இதை முன்னாடியே சொல்லலையே' என்று நாளைக்கு யாரும் கேஸ் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, பெருந்தொற்று, போர், வட்டி விகிதம் என எல்லாவற்றையும் அதில் கொட்டி வைத்திருப்பார்கள். 'இதுவரை நஷ்டம், இனியும் நஷ்டம் வரலாம்' என்ற எச்சரிக்கை 2021-ல் ஜொமேட்டோ ஆவணத்திலும் இருந்தது, பேடிஎம் ஆவணத்திலும் இருந்தது. 76 ரூபாய்க்கு வந்த ஜொமேட்டோ பங்கு முதல் நாளே 100-ஐத் தாண்டியது. 2,150 ரூபாய்க்கு வந்த பேடிஎம் முதல் நாளே சுமார் 27% சரிந்தது. எச்சரிக்கை ஒன்றுதான், ரிசல்ட் நேரெதிர்.

அதனால் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். இந்த வரியை வெட்டி வேறொரு கம்பெனி ஆவணத்தில் ஒட்டினால் பொருந்துமா? பொருந்தினால் தாண்டிப் போங்க. பொருந்தலைன்னா அங்கேயே நில்லுங்க.

பேடிஎம் ஆவணத்தில் அப்படி நிற்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. பேடிஎம் வாலட்டை நடத்தியது பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம் இல்லை. அது 49% பங்கு வைத்திருந்த பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க். அந்த வங்கியை நம்பித்தான் தொழிலின் முக்கியப் பகுதி ஓடுகிறது என்பதை நிறுவனமே ரிஸ்க் பகுதியில் எழுதியிருந்தது. ஐபிஓ திறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, 2021 அக்டோபரில், ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 1 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 18,300 கோடி ரூபாய் ஐபிஓ-வுக்கு முன்னால் 1 கோடி எல்லாம் டீக்காசு. ஆனால் பார்க்க வேண்டியது தொகையை இல்லை, யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை.

2022 மார்ச்சில் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை. 2024 ஜனவரி 31-ல், இனி டெபாசிட் வாங்கவோ வாலட்டில் பணம் ஏற்றவோ கூடாது என்ற உத்தரவு. அடுத்த இரண்டு வர்த்தக நாட்களும் பங்கு தலா 20% விழுந்தது.

இன்னொரு விஷயம், இந்த 'லாம்'. 'நடக்கலாம்', 'பாதிக்கலாம்' என்று எழுதியிருப்பது ஏற்கெனவே நடந்து முடிந்ததாகவும் இருக்கலாம்! பயனர் தகவல்கள் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று ஃபேஸ்புக் தன் ஆவணங்களில் எழுதிவந்தது. அப்படி நடந்துவிட்டது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் குற்றம்சாட்ட, 2019-ல் 10 கோடி டாலர் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டது.

500 பக்கத்தையும் படிக்க யாருக்கு நேரம்? வேண்டாம். செபி இணையதளத்தில் பிடிஎஃப் இலவசம். மொபைலிலேயே 'பெனால்டி', 'ஷோ காஸ்' என்ற ஆங்கில வார்த்தைகளைத் தேடிப் பாருங்க. அப்படியே வருமானத்தில் எத்தனை சதவீதம் முதல் பத்து வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது என்பதையும் பார்த்துடுங்க. ஐபிஓ குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், முதல் நாள் ராத்திரி அரை மணி நேரம் போதும்.