இரண்டாவது கழகம் எங்கே?

மாணவர் கழகம் என்றதும் மாலை, மேடை, தலைவருரை ஆகியவற்றோடு கலைந்துபோகும் கூட்டமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றது. அயல்நாட்டு மாணவர் தொடர்பு என்றாலோ, அது கொழும்புப் பிள்ளைகளுக்கே உரியதென ஒதுக்கிவிடுகிறோம்.

1962ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மெல்பேர்ண் நகரில் (அவுஸ்திரேலிய மெல்பேர்ண் அன்று), உயர்தரப் பாடசாலை மாணவர் 23 பேர் றோட்டரிச் சங்கத்தின் ஆதரவில் முதலாவது இன்டரக்ட் கழகத்தைத் தொடங்கினர். இரண்டாவது கழகம் எங்கே தோன்றியது? லண்டனிலன்று, தஞ்சாவூரில்!

இக்கழகத்தார் ஆண்டுதோறும் இரு பணிகளேனும் ஆற்றவேண்டும். ஒன்று பாடசாலைக்கோ ஊருக்கோ பயன்படுவது. மற்றது பிறநாட்டாரை அறிந்து நட்புக்கொள்வது. இந்த இரண்டாவதே வாகரைக்கு வேண்டியது என்போம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் 2006-07ஆம் ஆண்டுகளின் போருக்கும் பின்னர் இக்கரைக்கு வந்த வெளிநாட்டார் பலரும் உதவி கொணர்ந்தவர்களே. அவர்களுக்கு நாம் நன்றி உடையோம். ஆயினும் அந்நியர் என்றால் கொடுப்போர், நாம் பெறுவோர் என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் வேரூன்றுதல் நன்றன்று.

பனிச்சங்கேணிக் களப்பில் இறால் பிடிக்கும் முறையையும், தமிழ் பேசும் கரையோர வேடர்தம் வழக்கங்களையும் பிறநாட்டு மாணவனுக்கு எழுதி விளக்கும் பிள்ளை கையேந்துபவன் அல்லன். அவ்வேளையில் அவனே ஆசிரியன். மின்னஞ்சல் வந்தபின் தபாற்செலவும் இல்லை. ஆங்கிலம் வராதே என்று தயங்குவோர் முதற்கடிதத்தைத் தஞ்சாவூருக்கே எழுதட்டும்; அங்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.