குடத்திலிட்ட விளக்காய் ஆய்வேடுகள்

நான் படிப்பது வணிகவியல். பொறியியல் ஆய்வேடுகளைப் பற்றி உனக்கென்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எங்கள் நெய்யூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் குளச்சல் கடற்கரை. இந்தக் கரையோரம் முழுக்கக் கடலரிப்பு பெரிய பிரச்சினை. ஓரிடத்தில் தூண்டில் வளைவு கட்டினால் பக்கத்து ஊர்க் கரையில் மணல் போய்விடும். இதையெல்லாம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் பலர் உண்டு. அவர்கள் எழுதியது கரையில் குடியிருப்பவர் கைக்கு வருகிறதா?

முன்பெல்லாம் ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் தூங்கும். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. பிஎச்.டி., எம்.ஃபில். ஆய்வேடுகளை மின்வடிவிலும் தரவேண்டும் என்றது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அவற்றை 'ஷோத்கங்கா' தளத்தில் சேர்க்கிறது. அண்ணா பல்கலைக்கழகமும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதில் உண்டு. இன்று எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. படிக்கக் காசு வேண்டாம். பாராட்ட வேண்டிய வேலைதான்.

ஆனால் இருப்பது வேறு, கிடைப்பது வேறு. குளச்சலை ஆங்கிலத்தில் 'சி' போட்டு எழுதுபவரும் உண்டு, 'கே' போட்டு எழுதுபவரும் உண்டு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பழைய ஏடுகள் பலவும் வெறும் ஸ்கேன் படங்கள். உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரே ஆய்வேடு அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்பாகக் கிடக்கும். எம்.இ. மாணவர்களின் திட்ட அறிக்கைகளுக்கோ அந்த விதியே பொருந்தாது.

எங்கள் பாடத்தில் சொல்வதென்றால், கிடங்கில் சரக்கு இருந்தும் இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை என்றால் அது விற்காத சரக்குதான்.

என்ன செய்யலாம்? ஊர்ப் பெயரைத் தமிழிலும், புழக்கத்தில் உள்ள எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் பதியலாம். பொறியியல் ஆய்வேடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கேட்கலாம். முழு ஏட்டையும் தேடக்கூடிய ஒரே கோப்பாகத் தரலாம். எம்.இ. அறிக்கைகளைக் கல்லூரிகளே இணையத்தில் வைக்கலாம். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை.

வெளியே போட்டால் திருடிவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அலமாரிக்குள் பூட்டிய ஏட்டிலிருந்து திருடினால்தான் யாருக்கும் தெரியாது. எல்லோர் கண்ணிலும் பட்டால் திருட்டு சீக்கிரம் அகப்படும்.

அரசுப் பல்கலைக்கழக ஆய்வுக்கு மக்கள் வரிப்பணமும் போகிறது. கல் கொட்டுவதற்கு முன் 'இதைப் பற்றி ஆய்வு என்ன சொல்கிறது?' என்று கடற்கரைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?