பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்ய விடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

நாமக்கல் மாவட்டத்தில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தமிழாசிரியர் எழுதுகிறேன். வகுப்பறையில் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்காஸ்ட் செய்ய அனுமதி வேண்டும். நிதி கேட்கவில்லை, கருவியும் கேட்கவில்லை. முதலில் வேண்டுவது, இதைச் செய்யும் ஆசிரியருக்குத் தொந்தரவு வராது என்ற உறுதிதான்.

பத்தாம் வகுப்பில் தமிழுக்கு 100 மதிப்பெண். அத்தனையும் எழுத்துத் தேர்வுக்கே. கேட்டல், பேசுதல் என்று பாடநூலில் தலைப்பு இருக்கிறது, பாடவேளையில் அதற்கு இடம் இல்லை. பேச்சு என்றால் நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிதான். ஆசிரியரோ அப்பாவோ எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து, கையை வீசி, தொண்டை நரம்பு புடைக்க ஒரு பிள்ளை முழங்கும். மீதி நாற்பது பேர் கைதட்டுவார்கள். அந்த ஒரு பிள்ளைக்கும் அது சொந்தப் பேச்சு இல்லை.

எங்கள் ஏழாம் வகுப்பில் ஐந்து நிமிட ஒலிப்பதிவுகள் செய்து பார்க்கிறோம். ஒரு மாணவி, தறி ஓட்டும் தன் அம்மாவைப் பேட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஹைடெக் லேபில் ஒலிக்கவிட்டபோது தறிதான் பேசியது. அம்மாவின் குரல் பெரும்பாலும் பிடிபடவில்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தெளிவாகக் கேட்டது. "நெசவுத் தொழிலின் சிறப்புகள் யாவை?" என்று மகள் கேட்க, அம்மா சிரித்துக்கொண்டே, "என்ன கண்ணு, பரீட்சையா வெக்கறே?" என்கிறார். வகுப்பே சிரித்தது. பிறகு விவாதம் தொடங்கியது. தறி நின்ற பிறகு பேட்டி எடுக்கலாம் என்றான் ஒருவன். சத்தம் இல்லாவிட்டால் இது நம்ம ஊர் மாதிரியே இருக்காதே என்றாள் இன்னொருத்தி. இருவர் சொன்னதும் சரி. தறியின் ஓட்டத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்தார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மறுபடி பேசினார்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் அடுக்கி, முதலில் தறியை முழுச் சத்தத்தில் விட்டு, அம்மா பேசத் தொடங்கும் இடத்தில் மெல்லக் குறைத்தார்கள்.

கேள்விகளையும் மாற்றினார்கள். "நாலு தறியையும் நீ ஒருத்தியே எப்படிம்மா பாத்துக்கறே?" என்பது புதிய கேள்வி. வந்த பதில்: "கண்ணுல எங்க பாக்கறது, காதுலதான். நாலுல ஒண்ணு நின்னாலும் சத்தம் மாறிருமல்ல."

விசைத்தறி பற்றி எத்தனையோ கட்டுரை எழுத வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வரி எந்த நோட்டிலும் வந்ததில்லை. பாடநூல் நடையில் கேட்டால் பாடநூல் நடையில்தான் பதில் வரும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். நல்ல கேள்வி எது என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

உச்சரிப்பையும் சொல்ல வேண்டும். ஒலிகள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே விளக்கிவிட்டது. நாமும் ழகரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆனால் தன் வாயிலிருந்து 'வாளைப்பளம்' வருவது பேசுகிறவனுக்குக் கேட்பதில்லை. பதிவைக் கேட்டதும் முகம் மாறுகிறது. "ஐயா, இன்னொருக்கா எடுத்துக்கறேனுங்க" என்று வந்து நிற்கிறார்கள். கட்டுரை நோட்டை வாங்கி, இன்னொரு முறை எழுதித் தருகிறேன் என்று கேட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஸ்டூடியோ எதுவும் வேண்டாம். காலியான சுவர்கள் உள்ள வகுப்பறையில் எதிரொலிக்கும். விலையில்லா நோட்டுகளும் சீருடைக் கட்டுகளும் அடுக்கிய அறையில் எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். போன் வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் இருந்தால் பகரம் வெடிக்காது. பேச்சுக்குப் போதுமான தரத்தில் சேமித்தால் ஐந்து நிமிடப் பதிவு இரண்டரை எம்பிக்குள் அடங்கும். இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

பிள்ளைகளே தங்கள் ஊரைப் பதிவு செய்வது புதுமை ஒன்றும் இல்லை. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, நீண்ட நேரம் பேச முடியாமல் போன செலஸ்தேன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர், 1924இல் தன் கிராமப் பள்ளி வகுப்புக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதி, அச்சுக்கோத்து, தொலைவில் பிரிட்டனி பகுதியில் இருந்த வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் அதேபோல் அச்சிட்டவை வந்தன. அமெரிக்காவில் என்பிஆர் வானொலி 2019இல் மாணவர் பாட்காஸ்ட் போட்டியைத் தொடங்கியபோது வென்ற இரண்டில் ஒன்று, 1916இல் டென்னசி மாநிலத்தின் எர்வின் என்ற சிற்றூரில் ஒரு சர்க்கஸ் யானையைத் தூக்கிலிட்ட கதை. அதைச் செய்தவர்கள் அதே மாநிலத்துப் பள்ளி மாணவர்கள். மற்றொன்று, மாதவிடாயைப் பற்றி வெளிப்படையாகப் பேச நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மாணவியர் செய்தது.

அது போட்டிதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். போட்டியால் நல்ல படைப்புகள் வந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் நம் ஊரில் போட்டி என்றால் குறுவட்டம், வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படியேறும். ஏறும்போதே எழுதுவது ஆசிரியராகவும் பேசுவது ஒரே கெட்டிக்காரப் பிள்ளையாகவும் ஆகிவிடும். கலைத் திருவிழாவின் பட்டியலில் பாட்காஸ்ட்டும் ஓர் இனமாகச் சேர்ந்தால், பேச்சுப் போட்டி மைக் மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு பயமும் உண்டு. எல்லாப் பதிவையும் யூடியூபில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொல்லிவிடுவார்களோ என்பது. ஒரு மாணவனின் பதிவில், வீட்டுக்கு வந்துபோகும் வாரவட்டிக்காரரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த அவனே, "அதை வெட்டிருங்க ஐயா" என்றான். வெட்டினோம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுக்கும் உரிமை அவனுக்கு இருந்தது. இணையத்தில் ஏறிய பிறகு அது அவன் கையில் இருக்காது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. குரலும் அடையாளம்தான்.

கேட்பதற்கு ஆள் வேண்டுமே என்றால், ஃப்ரெனே செய்ததைச் செய்யலாம். எங்கள் தறிப் பதிவை வேதாரண்யத்தில் உப்பளம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பு கேட்கட்டும். அவர்கள் பாத்தியில் உப்பு வாரும் சத்தத்தை எங்களுக்கு அனுப்பட்டும். கடலைப் பார்க்காத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறைய இருக்கிறார்கள். இரண்டு வகுப்பறைகளுக்குள் முடிந்துவிடும் இந்தப் பரிமாற்றம் உலகம் முழுவதும் கேட்பதைவிட எனக்கு மேலானதாகப் படுகிறது. தெரிந்த ஒருவர் கேட்கப்போகிறார் என்றால்தான் பிள்ளைகள் கவனமாகப் பேசுவார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வாரத்தில் ஒரு தமிழ்ப் பாடவேளையை ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்த ஆசிரியருக்கு விருப்ப உரிமை தாருங்கள். விரும்பாத ஆசிரியரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வளரறி மதிப்பீட்டில் ஆல்பம், சார்ட் ஆகியவற்றுக்குத் தரும் இடத்தை இதற்கும் தரலாம். அதிலும் குரல் வளத்துக்கு மதிப்பெண் போடாமல் கேள்வி தயாரித்தல், கேட்டல், திருத்துதல் ஆகியவற்றுக்குப் போடட்டும். திக்கிப் பேசும் பிள்ளை வெட்டி ஒட்டும் வேலையில் முதலாவதாக வருவதைப் பார்த்திருக்கிறேன். பதிவுக்காக ஆசிரியர் வகுப்பில் போன் எடுத்தால், ஆய்வுக்கு வரும் அலுவலர் விளக்கம் கேட்கக் கூடாது. மாணவர்கள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கட்டும்.

இதற்குத் தங்கள் செயல்முறைகள் ஒரு பக்கம் வந்தால் போதும். புதுத் திட்டத்தின் பெயரோ, இலச்சினையோ, தொடக்க விழாவோ வேண்டாம். அந்தப் பக்கத்தின் கடைசி வரி மட்டும், "இது தொடர்பாக அறிக்கை ஏதும் அனுப்பத் தேவையில்லை" என்று இருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்