பண்ணை வீட்டுப் பிறந்தநாள்: கேக் வெட்டிய பிறகுதான் லைசென்ஸ் கேட்பார்களா?

ஜவளகிரி,-

பிறந்தநாள் கொண்டாட்டம் என்றால் முன்பெல்லாம் குழந்தைகளுக்குத்தான். வளர்ந்த ஆளாக இருந்தால் நட்சத்திரம் பார்த்துக் கோவிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயசம். அதோடு சரி. பெரிசாகக் கொண்டாட வேண்டுமானால் அறுபது முடியவேண்டும். குடும்பத்தோடு திருக்கடையூர் போய் மாலை மாற்றிக்கொண்டு வருவார்கள்.

இப்போது இருபத்தைந்து வயசுக்கே இடம் தேடுகிறார்கள். கோ-கார்ட் ஓட்டுகிறார்கள், பவுலிங் உருட்டுகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடித்த பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு டர்ஃப் மைதானத்தை ஒரு மணி நேரம் வாடகைக்குப் பிடிக்கிறார்கள். கிரிக்கெட் ஆடிவிட்டுப் பன்னிரண்டு அடித்ததும் கேக். வாயில் பாதி, மூஞ்சியில் பாதி! காலையில் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு ராத்திரி சிரிக்க உரிமை உண்டு.

அதே கேக், தளி ரோட்டைத் தாண்டிக் காட்டோரப் பண்ணை வீட்டுக்குப் போகும்போதுதான் விவகாரமே ஆரம்பிக்கிறது.

காட்டு வாசல்

தளிக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடக்கிறது ஜவளகிரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சந்தையில் புழங்கும் ஊர். ராகி, கொள்ளு, தக்காளி என்று பிழைப்பு. ஊரைச் சுற்றிக் காடு. அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பன்னர்கட்டா. இந்தப் பக்கம் ஓசூர் வனக்கோட்டம். 2014-ல் இந்தக் கோட்டத்தில் 504 சதுர கிலோ மீட்டர் காட்டை ‘காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம்’ என்று அரசு அறிவித்தது.

பன்னர்கட்டா யானைக் கூட்டங்கள் வருஷா வருஷம் இறங்கும் வாசல் ஜவளகிரிதான். ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் இங்கே நுழைந்து தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று கிளம்பிவிடும். வனக்காவலர்கள் பட்டாசும் டார்ச் லைட்டுமாக ராத்திரி பூராவும் விரட்டுவார்கள். யானை மிதித்து விவசாயி செத்தார் என்ற சேதி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

இந்த வட்டாரத்தில்தான் பெங்களூர்க்காரர்கள் தோட்டம் வாங்கிப் பண்ணை வீடு கட்டுகிறார்கள். குடும்பத்தோடு வந்து இளநீர் குடித்துவிட்டுப் போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு விடப்பட்ட தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது வாடகைக்கு எடுத்தவருக்குத்தான் வெளிச்சம்.

காவலர்கள் யானையை ஒரு திசையில் ஓட்டிக்கொண்டு போகும்போது, எதிரே ஒரு தோட்டத்தில் ‘ஹேப்பி பர்த்டே’ என்று சரவெடி கொளுத்தினால் யானை எந்தப் பக்கம் திரும்பும்? சத்தம் இல்லாத பக்கம்தானே! அங்கே ராகிக்குக் காவல் இருக்கும் விவசாயி பரணில் படுத்திருப்பார்.

86 பேர் ரத்தத்தில்

எல்லைக்கு அந்தப் பக்கம் 2024-ல் நடந்த கூத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். மே 19 ஞாயிறு ராத்திரி. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி அருகே ஒரு பண்ணை வீடு. ஓசூரிலிருந்து கார் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். ஒருவருக்குப் பிறந்தநாள் என்ற பெயரில் விருந்து. ஆந்திரா, தெலுங்கானாவிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள். விடியும் முன் மத்திய குற்றப்பிரிவு போலீசார் சுற்றி வளைத்தனர். போதை மாத்திரையும் கோகைனும் சிக்கின. நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. 59 ஆண்கள், 27 பெண்கள், ஆக மொத்தம் 86 பேர் ரத்தத்தில் போதை இருந்ததாக முடிவு வந்தது!

இதில் யார் குற்றவாளி, யார் சும்மா வந்தவர் என்பது கோர்ட்டு பார்க்க வேண்டிய வேலை. ஊர் கவனிக்க வேண்டியது வேறு. வழக்கு முதலில் எலக்ட்ரானிக் சிட்டி போலீசில் பதிவாகி, பிறகு ‘இடம் எங்கள் எல்லையில் இல்லை’ என்று ஹெப்பகோடி ஸ்டேஷனுக்குப் போனது. உள்ளூர் போலீசார் 3 பேர் சஸ்பெண்டு ஆனார்கள். ஒரே மாநிலத்துக்குள், பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷனுக்குள்ளேயே எல்லைத் தகராறு இப்படி! வீட்டுக்காரர் ஒருவர், விருந்து வைத்தவர் இன்னொருவர், போலீஸ் எல்லை மூன்றாவது ஒன்று. ஜவளகிரிப் பக்கமோ ரெண்டு மாநிலம், ரெண்டு போலீஸ், ரெண்டு வனத்துறை. கேட்கவா வேண்டும்!

தமிழ்நாடும் சளைத்ததல்ல. 2019 மே மாதம் பொள்ளாச்சி அருகே சேத்துமடையில் ஒரு ரிசார்ட்டில் ராத்திரி ஆட்டம். கேரளாவிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். 150-க்கும் மேற்பட்டோர் கூண்டோடு பிடிபட்டனர். அதுவும் ஆனைமலைக் காட்டோரம். பிறகுதான் ரிசார்ட்டின் அனுமதிக் காகிதத்தைப் புரட்டினார்கள், சீல் வைத்தார்கள்.

அரிவாள் கேக்

பிறந்தநாள் விருந்தில் போலீஸ் நுழைந்த சேதிகளில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 2018 பிப்ரவரி 6-ந் தேதி சென்னை பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் நடந்ததுதான். ரவுடி பினுவுக்குப் பிறந்தநாள். லாரி ஷெட்டில் கூட்டம். அரிவாளால் கேக் வெட்டினார்! போலீசார் வளைத்ததில் 70-க்கும் மேற்பட்ட ரவுடிகள் சிக்கினர். பிறந்தநாள்காரர் மட்டும் கம்பி நீட்டினார். ஒரு வாரம் கழித்து அம்பத்தூரில் சரண் அடைந்தார்.

அதோடு ஒழிந்ததா? பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் எடுத்துப் போடும் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது. ரவுடியும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா ‘கெத்து’ காட்டிய பையன்கள் மீது வழக்கு. வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் வாங்கும்போது அது வந்து நிற்கும். ஓசூர்க் கம்பெனிகளில் நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் பையனுக்கு இது சின்ன விஷயமா?

கூடாரத்தில் மரணம்

போதை இல்லை, கத்தி இல்லை என்றாலும் காடு காடுதான். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கிய இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. கூடாரம் போட லைசென்சு கிடையாது என்பது உயிர் போன பிறகு வெளியே வந்தது. அதே மாதம் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். தீப்புண்ணோடு அலைந்த யானை செத்தது. ஒரு இடத்தில் செத்தது விருந்தாளி, இன்னொரு இடத்தில் யானை. இடத்துக்காரரை ‘காகிதம் எங்கே?’ என்று யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

நீலகிரியில் மட்டும் ஒரு வழி பிறந்தது. சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளை எதிர்த்து வழக்கு வருஷக்கணக்காக நடந்தது. 2011-ல் சென்னை ஐகோர்ட்டு சொன்ன தீர்ப்பை 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. வழித்தடம் யானைக்கே என்றாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு காட்டு வாசலுக்கும் ஒன்பது வருஷம் கோர்ட்டு ஏற முடியுமா?

சட்டம் இருக்கிறது

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம். 3 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிமாநிலச் சரக்கைப் பர்மிட் இல்லாமல் கொண்டுவருவது 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிவிடும். கர்நாடக டெட்ரா பாக்கெட் கடத்தல் ஓசூர் செக்போஸ்டில் அடிக்கடி பிடிபடும் சரக்கு. மொபெட்டில் சாக்கு மூட்டை கட்டி வருகிறவன் சிக்கிவிடுகிறான். கார் டிக்கியில் ஐஸ் பெட்டியோடு வருவது அத்தனை சுலபத்தில் கண்ணில் படுவதில்லை என்பதுதான் ஊர்ப் பேச்சு.

ஊராட்சி பார்க்க வேண்டியது வீட்டு வரி ரசீது அல்ல. குடியிருக்க என்று அனுமதி வாங்கிய கட்டிடம் ராத்திரி வாடகைக்கு ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். மின்வாரியத்துக்கும் வேலை உண்டு. வீட்டுக் கனெக்ஷன் டி.ஜே. பெட்டிக்கும் சீரியல் விளக்குக்கும் போனால் மீட்டரே காட்டிக் கொடுத்துவிடும். வனத்துறையிடம் யானை எந்த ராத்திரி எங்கே நிற்கிறது என்ற தகவல் இருக்கிறது. போலீசிடம் ஆள் இருக்கிறது. நாலு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. கர்நாடகப் பக்கத்து ஆனேக்கல் அதிகாரிகளையும் கூட்டினால் மீதியும் முடியும்.

பங்கு போடும் பையன்களுக்கும் ஒன்று உண்டு. அட்வான்சு கட்டும் முன் ‘லைசென்சைக் காட்டுங்கண்ணா’ என்று கேட்டுப் பார்க்கலாம். ‘நம்ம சொந்த இடம்தான் தம்பி, யாரு கேக்கப் போறாங்க?’ என்று பதில் வந்தால் விஷயம் விளங்கிவிடும். டர்ஃப் மைதானம் ஓசூரிலேயே இருக்கிறது.

நவம்பர், டிசம்பரில் ராகி முற்றும். பன்னர்கட்டாக் கூட்டம் ஜவளகிரியில் இறங்குவது அப்போதுதான். காட்டோரத் தோட்டங்களுக்குப் புத்தாண்டு ராத்திரி கிராக்கி ஏறுவதும் அப்போதுதான்.