குழாய் வேலைக்காரரின் சங்கீதமும் கூலிகளுக்குத் தெரியாத பாஷையும்

பிலிப் கிளாஸ் என்னும் அமெரிக்க சங்கீத கர்த்தாவைப்பற்றி நமது வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் 1937ம் வருஷத்தில் பால்டிமோர் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் இசைத்தட்டுக் கடைக்காரர். விற்காமல் தங்கிப்போன தட்டுகளை, ஏன் விற்கவில்லை என்று தெரிந்துகொள்ள வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்பாராம். (நம் ஊர் வியாபாரியானால் கடைக்குக் கண்பட்டுவிட்டதென்று பூசணிக்காய் உடைத்திருப்பார்.) அந்த விற்காத சரக்குதான் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம். பிறகு நியூயார்க்கில் ஜூலியர்ட் பள்ளியிலும், பாரிஸில் நாடியா பூலாஞ்சே அம்மையாரிடமும் படித்தார். பாரிஸில் ஒரு சினிமா வேலையில் ரவிசங்கருக்கு உதவியாயிருந்தபோதுதான் தாளக் கணக்கின் போக்கு அவருக்குப் பிடிபட்டது.

நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது அவரது பிழைப்பைப்பற்றியாகும். அவர் மூட்டை முடிச்சு சுமந்தார், குழாய் வேலை செய்தார், டாக்சி ஓட்டினார். 1976ல் அவருடைய "ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்" என்னும் சங்கீத நாடகம் நியூயார்க் மெட்ரோபாலிடன் நாடக சாலையில் நடந்தது. நாடகத்தால் பேர் வந்தது. கூடவே கடனும் வந்தது. மறுபடியும் டாக்சிக்கே போனார். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் யந்திரம் பொருத்திக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரராகிய பிரபல கலை விமர்சகர் அவரை அடையாளம் கண்டு திடுக்கிட்டாராம். இவரோ வெட்கப்படாமல் வேலையை முடித்துவிட்டே போவதாகச் சொன்னாராம். சங்கீதத்தாலேயே ஜீவிக்க முடிந்தபோது அவருக்கு வயது 41.

சாக்கடைக் குழாயைத் தொட்ட கை வாத்தியத்தைத் தொடலாமா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. நம் நாட்டிலோ வித்வானின் வித்வத்தைக் கேட்பதற்கு முன் அவன் பிறந்த தெருவைக் கேட்பார்கள்.

இவ்வளவு யோக்கியதையுள்ள தோழரிடம் நமக்கு ஒரு வழக்கும் உண்டு. அவரது "சத்தியாக்கிரகா" என்னும் நாடகம் 1980ல் ராட்டர்டாம் நகரத்தில் முதலில் நடந்தது. கதை, தென்னாப்பிரிக்காவில் காந்தியார் நடத்திய கிளர்ச்சி. கடைசிக் காட்சி 1913ம் வருஷத்து நியூகாஸில் யாத்திரை. பாட்டுகளோ ஆதி முதல் அந்தம் வரை சமஸ்கிருத பகவத்கீதை!

அந்த யாத்திரையில் நடந்தவர்கள் யார்? பெருந்தொகையார் தமிழரும் தெலுங்கருமான ஒப்பந்தக் கூலிகள்; தலைக்கு மூன்று பவுன் வரி கட்ட மாட்டோமென்று சுரங்கத்தை விட்டு வெளியேறியவர்கள். நியூகாஸிலுக்குப் போய் வேலையை நிறுத்தும்படி அவர்களைத் தூண்டியவர்கள் ட்ரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். சிறை சென்று மீண்டு 1914ல் மாண்ட வள்ளியம்மை பதினாறு வயதுப் பெண். இவர்களில் எத்தனை பேருக்குக் கீதை சுலோகம் தெரியும்? நால்வருணத்துக்குக் கடவுளையே ஜவாப்தாரியாக்கும் அந்தப் புஸ்தகத்தைக் கையால் தொடக்கூட அவர்களில் அநேகருக்கு ஊரில் இடமிருந்திருக்காது. அதையே அவர்கள் வாயில் வைத்துப் பாடச் செய்வது எந்த நியாயம்?

காந்தியார் கீதையைப் போற்றியவர், ஆகவே கீதை பொருத்தமே என்று சிலர் சொல்லுவார்கள். நடந்தவர் ஒருவர் மாத்திரமானால் அந்த ஜவாபு போதும். நடந்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல். பாட்டின் சொல் ஒருபுறமும் மேடையின் செயல் ஒருபுறமுமாய் நிற்பதே கர்த்தாவின் நோக்கம், கேட்கிற வெள்ளைக்காரருக்கு எந்த இந்திய பாஷையும் ஒன்றுதான் என்பார்கள் வேறு சிலர். எல்லாம் ஒன்றுதானென்றால், நடந்தவர்கள் பேசிய பாஷையிலேயே பாடியிருக்கலாமே! புரியாத பாஷையில் பாடினால்தான் தெய்வீகம் என்கிற இந்தப் பித்தலாட்டத்தோடுதான் 1943ல் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்திலும் நம்மவர் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

சங்கீதத்தை நாம் குறை சொல்லவில்லை. சிறு துண்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, அட்சரத்தைச் சிறுகக் கூட்டியும் குறைத்தும் போகும் அவருடைய முறையில், களைத்தும் நில்லாமல் நடக்கிற கூட்டத்தின் கால் ஓசையைக் கேட்கலாம். அதே நாடகத்தில் காந்தியாரின் "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகைக்கென்று தனிக் காட்சியே இருக்கிறது. அந்தப் பத்திரிகை 1903ல் தொடங்கியபோது குஜராத்தி, இந்தி, தமிழ், இங்கிலீஷ் என்று நான்கு பாஷைகளில் வந்தது, சமஸ்கிருதத்தில் வரவில்லை.