பொய்த்தது வானமா?

"வானம் பொய்த்துவிட்டது!" - கோடையிலே காலிக் குடத்துடன் தெருமுனையில் காத்து நிற்கும் தாய்மார்களிடம் கூறப்படும் சமாதானம் இது.

"வானம் பிளந்துவிட்டது!" - கார்த்திகையிலே வீட்டினுள் இடுப்பளவு நீர் புக, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் குழந்தைகளுடன் ஒண்டிக் கிடக்கும் அதே தாய்மார்களிடம் கூறப்படும் சமாதானம் அது.

கோடையிலும் வானமே குற்றவாளி; மாரியிலும் வானமே குற்றவாளி! கூண்டிலேறி மறுமொழி கூற வானத்துக்கு வாயில்லை. ஆகவே வழக்கு எளிதில் முடிந்துவிடுகிறது. தோழர்களே, அந்த வழக்கை இன்று நாம் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்வோம்.

வானம் செய்யும் பணிதான் என்ன? கதிரவனின் வெம்மையால் கடல்நீர் ஆவியாகிறது. உப்பைக் கீழே விட்டுவிட்டு நீர் மட்டும் மேலெழுகிறது. மரஞ்செடிகொடிகளும் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே காற்றுக்குத் திருப்பித் தருகின்றன. உயரே சென்ற ஆவி குளிர்ந்து, நுண்துகள்களைப் பற்றித் திவலையாகி, முகிலாகி, மழையாகிறது. எழுந்த ஆவி காற்றிலே தங்குவது சராசரியாக ஒன்பது, பத்து நாட்கள்தாம். பின்னர் அது இறங்கியே தீரவேண்டும். பெரும்பங்கு கடலிலேயே பெய்கிறது. தரைக்குக் கிட்டும் பங்கு ஓடுகிறது, ஊறுகிறது, மீண்டும் ஆவியாகிறது. இந்தச் சுழற்சியிலே நீர் அழிவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே.

ஆற்றுநீர் கடலிலிருந்து பாதாள வழியாக வருகிறது என்று ஐரோப்பாவிலே நெடுங்காலம் நம்பியிருந்தனர். பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் அந்த நம்பிக்கையோடு வாதாடவில்லை; அளந்தார். சேன் ஆற்றின் தலைப்பகுதியில் ஓராண்டு பெய்யும் மழையையும் அங்கே ஓடும் நீரையும் கணக்கிட்டு, மழை ஆற்றைப்போல் ஆறு மடங்கு என்று 1674இல் எடுத்துக்காட்டினார். பழிபோடுமுன் அளந்து பார் என்பதே அவர் தந்த பாடம்.

நாமும் அளப்போம். உலக நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு உவர்நீர். எஞ்சிய நன்னீரிலும் மூன்றில் இரு பங்குக்கு மேல் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. மீதியில் மிகப்பெரும் பகுதி மண்ணுக்கடியில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஆறும் ஏரியும் மிகச்சிறு பங்கே. எனவே, பெய்த நீர் கடலுக்கு ஓடுமுன் எத்தனை நாள் நிலத்திலே தங்குகிறது என்பதில்தான் நம் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கின்றன.

சென்னையிலே ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. பாலைவனத்தின் கணக்கா இது? ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலே சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். இதை உணர்ந்தே நம் முன்னோர், வானத்தைத் திருத்த முனையாமல் நிலத்தைத் திருத்தினர். கரை எழுப்பி, மதகு வைத்து, வரத்துக்கால்வாய் வெட்டி, மேல் ஏரியின் கலங்கல் வழியே மிகைநீர் கீழ் ஏரிக்குச் செல்லுமாறு சங்கிலியாகக் கோத்தனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் எழுந்தன. ஓடும் நீரை நடக்க வைத்து, நடக்கும் நீரை நிற்க வைத்து, நிற்கும் நீரை மண்ணில் ஊற வைத்த ஏற்பாடு அது!

அந்தச் சங்கிலியை அறுத்தது வானமா? மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களிலே தியாகராய நகர் கண்டோம். பின்னர் வந்தோரும் அவ்வழியே சென்றனர். ஏரிப் படுகை மனையாயிற்று, கால்வாய் சாலையாயிற்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பை மேடாயிற்று.

விளைவு என்ன? 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அதை முழுவதும் தாங்க எந்த ஏரியாலும் இயலாது, ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இருக்க இடமின்றி, செல்ல வழியின்றி வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததற்கு வானமா பொறுப்பு? நான்கே ஆண்டுகள்! 2019 ஜூலை 12 அன்று, அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலிலே குடிநீர் வந்தது. 2018இல் பருவமழை குறைந்தது உண்மையே. குறையும் ஆண்டுகள் வரும் என்பதற்காகத்தானே ஏரி வெட்டினர்? வெள்ளமும் வறட்சியும் இரு பகைகள் அல்ல. ஒரே தவற்றின் இரு முகங்கள்.

தண்டனையை ஏற்றவர் எவர்? ஏரியை மனையாக்கி விற்றவரல்லர். வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரத்து ஏழைகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டு குடியேற்றினர்; அதுவும் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலமே! குடிசைக்கு ஒரு நீதி, அடுக்குமாடிக்கு ஒரு நீதி என்றால், நீரின் கணக்கு தீராது.

"கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டனவே!" என்பர் சிலர். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் வந்துள்ளன, வேண்டாமென்று கூறவில்லை. கதிரவன் கூலியின்றிச் செய்யும் வேலையை மின்சாரம் செலவிட்டுச் செய்கிறோம். கூலியின்றிக் கிடைத்ததைக் கடலுக்கு விரட்டிவிட்டு, அதே கடலிலிருந்து விலை கொடுத்து வாங்குவது சிக்கனமா? காற்றின் வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை உயர்ந்தால், அது தாங்கும் ஆவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். உலகம் சூடேறச் சூடேற, கொட்டும் மழை இன்னும் கடுமையாகக் கொட்டும். ஏரியின் தேவை குறையவில்லை, வளர்ந்திருக்கிறது!

மழைநீர் சேமிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் சட்டம் வந்தது. பள்ளிக்கரணை 2022இல் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. ஏட்டிலே குறையில்லை. ஏட்டை நாட்டுக்குக் கொண்டுவருவது எவர் கடமை?

நம் கடமை, தோழர்களே! உங்கள் ஊர் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் எது, அது எங்கே அடைபட்டது, அடைத்தவர் எவர் என்று நடந்து சென்று பாருங்கள். கண்டதைக் கிராம சபையிலே எழுந்து கூறுங்கள். அடைத்தவர் நமக்கு வேண்டியவராயினும் கூறுங்கள். அங்கேதான் நம் நேர்மைக்குச் சோதனை!

வானம் தன் தவணையைச் செலுத்தத் தவறவில்லை. வாங்கி வைக்கும் கலத்தை உடைத்தவர் நாம். கலத்தைச் செப்பனிடுவோம், பிறகு வானத்தைக் குறை கூறலாம்!